இரைச்சல் குறையும் திசை

சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் எலக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு, அவர் மெல்லத் திரும்புகிறார். ஜன்னல் பக்கம் பார்த்தால் ஆம்ப்ளிஃபையரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் துணி அலமாரி. அங்கே சற்றுத் தணிகிறது. குளியலறைக் கதவுக்கும் காலண்டருக்கும் நடுவில் வெறும் சுவராக ஓர் இடம் இருக்கிறது. அவருடைய மூக்கு அந்த இடத்துக்கு நேராக வந்ததும் ஆம்ப்ளிஃபையர் வாயை மூடிக்கொள்ளும். அங்கேயே நிறுத்தி, தண்டனை கொடுத்து நிற்கவைத்த பையன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பிப்பார்.

மேடையிலும் இதே கூத்துதான். எந்த மண்டபமானாலும் முதல் பாட்டுக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, இரைச்சல் குறையும் திசையைக் கண்டுபிடித்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்தத் திசை பெரும்பாலும் ஜனங்கள் இருக்கும் பக்கமாக அமைவதில்லை. அதனால் ரசிகர்களில் பலர் அவருடைய முகத்தைப் பார்த்ததே கிடையாது. கடிகார முள் மாதிரி சுற்றுகிறார் என்று டிரம்ஸ் வாசிப்பவர் ஒருநாள் ‘முள்ளு’ என்று பெயர் வைத்தார். அதுவே வயதுக்கு மரியாதை சேர்ந்து ‘முள்ளண்ணன்’ ஆகிவிட்டது.

இரைச்சலுக்குக் காரணம் பிக்கப். கிட்டார்க் கம்பிகளுக்கு அடியில் காந்தம் ஒன்று, அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியில் ஒற்றைச் சுருள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி அனுப்புவது அதன் வேலை. சிங்கிள் காயில் என்பார்கள். கம்பியின் நாதத்தோடு நிற்காமல், டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்து அறை மோட்டார் என்று ஊரிலுள்ள எல்லா மின்சாரத்தின் முனகலையும் அது சேர்த்தே வாங்கிக்கொள்ளும். “பாவம், வெகுளி. இதுக்குக் காதை மூடத் தெரியாது” என்பார் முள்ளண்ணன், சொந்தக்காரப் பையனுக்குப் பரிந்து பேசுவது போல.

பிழைப்புக்கு அவர் செய்வது வேறு வேலை. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் கண் பரிசோதனை செய்கிறார். ஒரு நாற்காலி, எதிரே வெளிச்சப் பெட்டியில் எழுத்துகள், மேஜை மேல் வெல்வெட் பெட்டி நிறைய வட்ட வட்டமான லென்ஸ்கள். வருகிறவரின் மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்தக் கேள்விதான். சிலர் திணறிப்போய், “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்பார்கள். அவர் முகம் கோணாது. “அவசரமில்ல. மறுபடி முதல்லேர்ந்து பார்ப்போம்” என்று பழைய லென்ஸைத் திரும்பப் போடுவார். அந்தப் பொறுமைக்காகவே கூட்டம் வருகிறது என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதுச் சட்டங்களில் பார்வைக்காகச் செருகி வரும் வெற்றுப் பிளாஸ்டிக் லென்ஸ்களைக் கடையில் குப்பையில் போடுவார்கள். இவர் பொறுக்கி வந்து, கத்தரித்து, உரசி, கிட்டார் மீட்டும் வில்லைகளாகச் செய்துகொள்வார். சிலவற்றில் கம்பெனி ஸ்டிக்கரின் மிச்சம்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். வில்லைகளைப் போட்டு வைப்பது கண்ணாடிக் கூட்டில். கம்பிகளைத் துடைப்பது லென்ஸ் துடைக்கும் துணியில்.

ஊருக்கெல்லாம் இதுவா அதுவா என்று தீர்த்துவைக்கிறவருக்குத் தன் காரியத்தில் மட்டும் எதையும் தீர்மானிக்க வராது. டீயா காபியா என்று கேட்டால் கடைக்காரரை நிற்கவைத்துவிடுவார். சட்டை எடுக்கப் போனால் ஒரே நிறத்தில் இரண்டோடு திரும்புவார். “நம்ம அண்ணன் கண்ணாடி முன்னாடி நின்னாலும், நானா அவனான்னு யோசிப்பாரு” என்று கல்லாவில் இருக்கும் அம்மாள் கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கல்யாணம் அவருக்கு ஆகவில்லை. அதற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையா இல்லையா என்பதை அவரும் தீர்மானித்ததில்லை.

குடியிருப்பது ஒரு மூலை வீட்டின் பின்பாதியில். பெற்றவர்கள் விட்டுப்போன வீடு. முன்பாதி அக்காவுடையது. அக்காவின் வாசல் பெரிய தெருவில் திறக்கும், இவருடைய வாசல் பின் சந்தில். இரண்டுக்கும் நடுவே கனமான பழைய சுவர், அதில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள், அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள். இரண்டும் போட்டிருக்கின்றன. அது போதாதென்று இந்தப் பக்கத்தில் கதவை ஒட்டி அவருடைய ஆம்ப்ளிஃபையரும் நிற்கிறது.

அக்கா தையல்காரி. அவரைவிட நன்றாகவே மூத்தவள். திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை, மேடை உடுப்பு என்று எல்லாம் தைப்பாள். கணவர் போன பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பிள்ளைகள் இல்லை. அவர் தோளில் மாட்டும் கிட்டார்ப் பட்டை அவள் கை வேலை. முரட்டுத் துணியை மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தது. கிட்டாரில் நாலு தடவை பெயின்ட் உரிந்துவிட்டது, பட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

இருவரும் பேசிச் சில வருஷங்கள் ஆகின்றன. சொத்துத் தகராறு என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் யாராவது நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருப்பார்கள். நடந்தது இவ்வளவுதான். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று அக்கா ஒருநாள் அவருடைய கடைக்கு வந்தாள். நல்ல கூட்டம். நாற்காலியில் உட்காரவைத்து, “இது தெளிவா, அது தெளிவா?” என்றார். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குடா” என்றாள். மாற்றிப் போட்டார். மறுபடியும் அதே பதில். யார் யாரிடமோ காட்டிய பொறுமை அன்று சொந்த அக்காவிடம் எங்கே போனதோ தெரியவில்லை. “ஒழுங்காப் பார்த்துச் சொல்லு, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாத” என்று எரிந்து விழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சோதனைச் சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பக்கத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாளைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, ஒரு ரோஷத்தில் இந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளையும் போட்டார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அவர் யாரிடமும் சொல்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. சுவரைப் பார்த்து உட்கார்வதற்கு முன்னால், கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஒலியை முழுக்க ஏற்றி, ஸ்டூலை அந்தக் கதவுப் பக்கம் திருப்புவார். இரைச்சல் மிக அதிகமாக வரும் திசை அதுதான். ம்ம்ம் என்ற முனகலுக்குள்ளே ‘விர்ர்ர்’ என்று இன்னொன்று கேட்கும். அக்காவின் தையல் மெஷின் மோட்டார். சுவர் வழியாக ஒரு பேச்சோ இருமலோ வராத அந்த வீட்டில், சிங்கிள் காயில் மட்டும் அவளைக் கொண்டுவந்து சேர்க்கும். நீளமாக ஓடினால் திரைச்சீலை. விட்டு விட்டு ஓடினால் காலர். ஓடி, நின்று, கொஞ்சம் பின்னுக்கு வந்து மறுபடி ஓடினால் பை தைக்கிறாள், கைப்பிடிக்குக் கெட்டித் தையல் போடுகிறாள். அவளுடைய கால் மிதியில் எவ்வளவு அழுத்துகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். ஆள் நடமாட்டம் இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டபின் திரும்பி உட்கார்ந்து வாசிப்பார்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. அவர் வாசிக்க ஆரம்பித்துச் சற்று நேரத்தில் நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தால், விர்ர் இருக்காது. மெஷின் நின்றிருக்கும். எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்துவிட்டார், ஒருநாளும் தப்பியதில்லை. என் சத்தம் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போகிறாள், அவ்வளவு கோபம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டுதான் வாசிப்பது.

சிங்கிள் காயிலுக்கு ஆபத்து வந்தது ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில். முள்ளண்ணன் வாசிக்கும் இசைக்குழுவுக்கு அன்று கச்சேரி. அந்த வருஷம் இறந்துபோன ஊழியர் ஒருவருக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும், அது முடிந்த கையோடு கிட்டார் முன்னிசையுடன் முதல் பாட்டு. சபை எழுந்தது. விளக்குகளைப் பாதியாக இறக்கினார்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் அந்த ரெகுலேட்டர்களைக் கண்டால் சிங்கிள் காயிலுக்கு வெறி பிடித்துவிடும். மௌனத்தின் நட்டநடுவே ஆம்ப்ளிஃபையர் ‘ம்ம்ம்ம்’ என்று முக்க ஆரம்பித்தது. முன்வரிசையில் யாரோ அழுகிறார்கள் என்று சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஒலியைக் குறைக்கும் குமிழ் அவருடைய சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பதற்றத்தில் அது ஞாபகம் வராமல், அவர் வழக்கம்போல நின்ற இடத்தில் திரும்ப ஆரம்பித்தார். தலைகுனிந்து நிற்கும் சபைக்கு முன்னால் ஓர் ஆள் மெல்ல மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். அவர் திரும்பத் திரும்ப அழுகை ஏறி இறங்கியது.

குழுவின் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். நல்ல மனுஷர், கோபத்தைச் சத்தமில்லாமல் காட்டுவார். திரும்பும்போது வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணே, ஊரே இரைச்சல் வராத ஹம்பக்கர் பிக்கப் போட்டுடுச்சு. நீங்களும் போட்டுடுங்க. இல்லேன்னா ஒண்ணுமில்ல, கிட்டார் சத்தம் என் கீபோர்டுலயே இருக்கு” என்றார்.

முள்ளண்ணன் வேனின் பின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு அந்த வேன்தான் வீட்டில் கிடைக்காத கலகலப்பு. டிரம்ஸ்காரரின் பொய்களும், பாடகியின் வெந்நீர்க் குடுவையும், யார் தோளிலாவது யாராவது தூங்கி விழுவதும் அந்த வண்டியில்தான். கண்ணாடிக் கடையில் வந்து உட்காருகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பதில்லை. குழுவும் போய்விட்டால் வாரம் முழுக்கத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளிருக்காது என்பது அவருக்கு அப்போது உறைத்தது.

கிட்டார் ரிப்பேர்காரர் ஹம்பக்கரின் மகிமையை விளக்கினார். “ரெண்டு சுருள் சார். ஒண்ணு இந்தப் பக்கமா சுத்தினது, இன்னொண்ணு அந்தப் பக்கமா. வெளியிலேர்ந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் எதிரும் புதிருமா நுழைஞ்சு ஒண்ணையொண்ணு முழுங்கிடும். காந்தத்தையும் தலைகீழா வெச்சிருக்கறதால பாட்டு மட்டும் கூடிக்கும். நல்ல குடும்பம் மாதிரி.” நல்ல குடும்பத்தைப் பற்றித் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றார் முள்ளண்ணன்.

ரிப்பேர்காரர் இரண்டு கிட்டார்களை எடுத்து ஒரே மெட்டை வாசித்துக் காட்டினார். முதலில் சிங்கிள் காயில். துடைத்த கண்ணாடி மாதிரி பளிச்சென்று, ஓரங்கள் கூராக, அடியில் லேசான முனகலோடு. பிறகு ஹம்பக்கர். கம்பளி போர்த்தியது போலக் கனமாக, கதகதப்பாக, முனகல் துளியும் இல்லாமல். “எது வேணும் சார்?” என்றார். முள்ளண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். இன்னும் ஒரு தடவை. பளிச்சென்றதும் பிடித்தது, கதகதப்பும் பிடித்தது. எதைச் சொன்னாலும் இன்னொன்று கையை விட்டுப் போகும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஓர் ஆள் முகத்துக்கு நேரே காத்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்று வாயில் வந்துவிட்டது.

வந்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் சொல்கிற பதில் இல்லை அது, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சொல்கிற பதில். தப்பாகச் சொன்னால் தம்பி தப்பான கண்ணாடி கொடுப்பான், தைக்கிற கண் போய்விடும் என்று அக்கா பயந்திருக்கிறாள். இத்தனை வருஷம் அந்த நாற்காலிக்கு எதிரே நின்றவருக்கு, அதில் உட்கார்ந்த நிலைக்கு வந்தபோதுதான் அது புரிந்தது. ரிப்பேர்காரர் அந்தப் பதிலைப் பேரம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு குமிழை இழுத்தால் ஒற்றைச் சுருள், அமுக்கினால் இரட்டை என்று இரண்டையும் ஒரே கிட்டாரில் வைத்துத் தரலாம் என்றார். “வேணாம். எங்கிட்ட ரெண்டையும் குடுத்தீங்கன்னா ஆயுசு முழுக்கக் குமிழை இழுத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்” என்று சொல்லி, வெறும் ஹம்பக்கர் ஒன்றை வாங்கி வந்தார்.

தானே பொருத்தினார். பழையதைப் பற்றவைப்பு நீக்கி எடுத்து, ஒரு கண்ணாடிக் கூட்டில் மஞ்சள் துணி சுற்றிப் படுக்கவைத்தார். பழைய பள்ளத்திலேயே உட்காரும்படி ஒல்லியாகச் செய்த ஹம்பக்கர் அது. அதிலிருந்து நான்கு இணைப்புக் கம்பிகள், நான்கு நிறங்கள். பச்சையா வெள்ளையா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒன்றைப் பற்றவைத்தார். வாசித்தபோது பாட்டு, ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுவது போல ஒல்லியாக வந்தது. இரைச்சலோ முன்னைவிட இரண்டு பங்கு. ஒரு சுருளைத் தலைகீழாக இணைத்துவிட்டிருந்தார். அதனால் பாட்டும் பாட்டும் ஒன்றையொன்று முழுங்க, இரைச்சலும் இரைச்சலும் கைகோத்துக்கொண்டன. கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்காவின் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பது போல அவ்வளவு பெரிதாகக் கேட்டது. ரிப்பேர்காரரிடம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்தும், அன்று முழுக்க அப்படியே வைத்திருந்தார். வாசிக்கவில்லை. அவள் தைத்து முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ரிப்பேர்காரர் பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றியதும் எல்லாம் ஒழுங்காயிற்று. அடுத்த கச்சேரியில் முள்ளண்ணன் முதன்முறையாக ஜனங்களைப் பார்த்து நின்று வாசித்தார். பின்வரிசையில் ஒரு குழந்தை கையசைத்தது, அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைவர் தட்டிக்கொடுத்தார். இனிமேல் வேறு பெயர் வைக்க வேண்டும் என்று டிரம்ஸ்காரர் அலுத்துக்கொண்டார்.

வீட்டில்தான் தாங்கவில்லை. ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பினால் அமைதி, அலமாரிப் பக்கம் அமைதி. கதவுப் பக்கம் திருப்பி, ஒலியை முழுக்க ஏற்றினாலும் அதே அமைதி. எல்லாத் திசையும் ஒன்றாகிவிட்டது. அக்கா தைக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா, படுத்திருக்கிறாளா என்று ஒன்றும் தெரியவில்லை. பேசாமல் இருந்த வருஷங்களில் தோன்றாத பயம் இப்போது தோன்றியது. பெரிய தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். அவளுடைய ஜன்னலில் திரை போட்டிருந்தது. நின்று பார்க்கக் கூச்சமாக இருந்ததால் வேகமாக நடந்துவிட்டார். அந்த அறையில் தான் எவ்வளவு தனியாக இருக்கிறோம் என்று அவருக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அதுவரை அவர் தனியாக இருக்கவில்லை.

விஷயம் பாடகி மூலமாக வந்தது. மேடை உடுப்பின் கையைப் பிடித்துத் தைக்க அவள் முள்ளண்ணனின் அக்காவிடம் போயிருந்தாள். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னதே இல்லை. ஒத்திகைக்கு நடுவில், வெந்நீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, உங்க வீட்டுக்கு முன்பக்கம் ஒரு டைலரக்கா இருக்காங்கல்ல? நான் உங்க குழுவுல பாடுறேன்னு தெரிஞ்சதும், நீங்க காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களான்னு கேட்டாங்க.”

“என்னையா? எதுக்கு?”

“பின்னால புதுசா யாரோ குடி வந்திருக்காங்க போலன்னாங்க. கிட்டார் வேற ஆள் வாசிக்கிற மாதிரி இருக்காம். புது ஆளும் நல்லாத்தான் வாசிக்கிறாராம். ஆனா முன்னாடி இருந்தவர் வாசிச்சா மெஷினை நிறுத்திட்டுக் கேப்பாங்களாம். இப்பல்லாம் நிறுத்தறதில்லையாம், தையல் அது பாட்டுக்குப் போகுதாம்.” பாடகி ஒரு வாய் குடித்தாள். “அந்தப் புது ஆளும் நீங்கதான்னு சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள தைச்சதை வாங்க ஆள் வந்துட்டாங்க.”

அன்று ஒத்திகையில் அவர் இரண்டு இடங்களில் தப்பாக வாசித்தார். முன்னாடி இருந்தவர் என்றாளாம். தம்பி என்று சொல்லவில்லை. தானும் அக்கா என்று யாரிடமும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார். நின்றுபோன அந்த மெஷினை அத்தனை வருஷமும் கோபம் என்று கணக்குப் பண்ணி, ஒலியை இறக்கி இறக்கி வாசித்திருக்கிறார். அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, இறங்கிப்போன ஒலிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆள் போய்விட்டான் என்று எண்ணிக்கொண்டபின் வழக்கம்போலத் தைக்கிறாள்.

ஒத்திகை முடிந்ததும் நேரே ரிப்பேர்காரரிடம் போய், அந்த இழுக்கிற குமிழ் வேண்டும் என்றார். முதலிலேயே தலையாட்டியிருந்தால் ஒரே வேலையாகப் போயிருக்கும் என்று ரிப்பேர்காரர் புலம்பிக்கொண்டே கிட்டாரைத் திறந்தார். குமிழை மேலே இழுத்தால் இரண்டு சுருளில் ஒன்று தூங்கிவிடும், பழைய வெகுளித்தனம் பெரும்பாலும் திரும்பிவிடும். அமுக்கினால் இரண்டும் விழித்துக்கொள்ளும். அச்சு அசலாகப் பழைய நாதம் வராது என்று எச்சரித்தார். வந்தவரை போதும் என்றார் முள்ளண்ணன். அவர் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் பதில் சொன்னதில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, குமிழை மேலே இழுத்தார். ம்ம்ம் என்று அறை நிறைந்தது. கதவுப் பக்கம் திரும்பினார். விர்ர்ர் என்று ஒரே ஓட்டம். திரைச்சீலை. அவருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையிலேயே துடைத்து மாட்டிக்கொண்டார், லென்ஸ் துணி பக்கத்தில் இருந்தும்கூட.

எழுந்து ஆம்ப்ளிஃபையரைக் கதவை விட்டு நகர்த்தினார். அதன் நான்கு கால்களும் தரையில் கறுப்பாக அச்சுப் பதித்திருந்தன. தாழ்ப்பாள் துருவேறி அசைய மறுத்தது. கிட்டார்ப் பட்டையின் நுனியைச் சுற்றிப் பிடித்து இழுத்ததில் கிறீச்சென்று வந்தது. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளில் அசைவு எதுவும் இல்லை. திரும்ப வந்து, சுவரைப் பார்க்காமல், இரைச்சல் மிக அதிகமாக வரும் அந்தக் கதவுக்கு நேராகவே உட்கார்ந்தார். ஒலியை இறக்கவில்லை. பட்டை தைத்துக் கொடுத்த காலத்தில் பழகிய ஒரு சின்ன மெட்டை வாசித்தார். பாதியில் விர்ர் நின்றது. அவர் நிறுத்தாமல் முடித்தார். பிறகு குமிழை அமுக்கினார். முனகல் ஒரேயடியாக அடங்கியது. அதே மெட்டைக் கனத்த, கதகதப்பான குரலில் இன்னொரு முறை வாசித்துவிட்டு, கம்பிகளின் மேல் கையை வைத்தார்.

“அக்கா” என்றார். செருமிக்கொண்டார். “இது தெளிவா, முன்னாடி வாசிச்சது தெளிவா?”

தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டுப் போயிற்று. அவர் பதிலை எதிர்பார்த்துத் தூரத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதில் கதவை ஒட்டி, அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளியிருந்து வந்தது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குடா.”

முள்ளண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். “அவசரமில்லக்கா. மறுபடி முதல்லேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, குமிழை மெல்ல மேலே இழுத்தார்.